லேபலை நாமே கீறலாமா?

எமது அலுவலக அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு கட்டு ஸ்டிக்கர் கிடக்கிறது. இரண்டாயிரம் அடித்ததில் நூறுக்குச் சற்று மேல் மட்டுமே பாவிக்கப்பட்டது. மாதர் சங்கமொன்றின் மிளகாய்த் தூள் பொதிக்காக அடித்த லேபல் அது. காசு கொடுத்து அடித்தபடியால் எறியவும் மனம் வரவில்லை. அதை வடிவமைத்தவர் வேறு யாருமல்லர். இக்கட்டுரையை எழுதும் நானேதான்.

கிராம மட்டத்தில் வேலை செய்யும் எம்மில் பலருக்கு இத்தகைய அனுபவம் ஏதோவொரு வகையில் இருக்கும். சங்கம் ஒரு பொருளைச் செய்கிறது. அதற்கு ஒரு பெயர், ஒரு லேபல், ஒரு துண்டுப்பிரசுரம் தேவைப்படுகிறது. "டிசைனருக்குக் கொடுக்க எங்களிடம் காசு ஏது? கொம்பியூட்டர் தெரிந்த ஒருவர் இருக்கிறார்தானே" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். எல்லோரும் தலையாட்டுவோம். இப்போது கைத்தொலைபேசியிலேயே ஆயத்த மாதிரிகள் கிடைப்பதால் இந்த எண்ணம் முன்னரைவிட இலகுவாக எழுகிறது. நாமே செய்வது எப்போது போதும், தொழில் தெரிந்தவரிடம் கொடுப்பது எப்போது மலிவு என்பதை இங்கு சற்று விரிவாகப் பார்ப்போம்.

வெள்ளவத்தைக் கடையில்

அந்த மாதர் சங்கத்தில் பன்னிரண்டு பெண்கள். மிளகாயை வெயிலில் காயவிட்டு, கொத்தமல்லி, சீரகம், மிளகு சேர்த்துப் பக்குவமாக வறுத்து இடிப்பார்கள். ஊரில் அதற்கு நல்ல பெயர். வடக்கு, கிழக்கு மக்கள் நெருங்கி வாழும் வெள்ளவத்தையில் விற்றால் நல்ல விலை வருமென்று எல்லோரும் நம்பினோம். கடனெடுத்துப் பொதி ஒட்டும் இயந்திரம் ஒன்றும் வாங்கியாயிற்று. பார்கோடுக்காக 479 என்று தொடங்கும் இலங்கை இலக்கத்தையும் பெற்றோம். லேபல் மட்டும் பாக்கியாக இருந்தது. இரண்டு இரவுகள் விழித்திருந்து நான் அதைச் செய்தேன். மிளகாய்த் தூள் என்பதால் எல்லாவற்றையும் சிவப்பாக்கினேன். கடுஞ்சிவப்புப் பின்னணி, அதன்மேல் வெள்ளை எழுத்து, ஓரத்தில் மிளகாய்ப் படம், கீழே வெள்ளைக் கட்டத்துக்குள் சிவப்புக் கோடுகளாகப் பார்கோடு. மினுங்க வேண்டுமென்று மேலே பளபளப்பான பிளாஸ்ரிக் உறையும் ஏற்றச் சொன்னேன். திரையில் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

காலி வீதியிலுள்ள ஒரு கடை முதலாளியிடம் கொண்டுபோனோம். வயதானவர், பொறுமையான மனிதர். பொதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, தூள் நல்ல தூள். வாசத்திலயே தெரியுது. ஆனா இதைத் தட்டில வைச்சா ஆர் எடுக்கப்போகினம்? என்ன பேர் எண்டே வாசிக்க ஏலாமல் கிடக்கு."

உண்மைதான். பெரிய எழுத்து மட்டும் தெரிந்தது. சேர்மானங்களும் விலாசமும் அச்சில் அடைந்துபோயிருந்தன. 'தூள்' என்பதில் குற்று மறைந்து 'தூள' ஆகியிருந்தது. பிறகு பொதியைப் பார்கோடு இயந்திரத்தின் முன் பிடித்தார். சத்தமே இல்லை. கடைசியாக, இறப்பர் முத்திரையால் அடித்திருந்த காலாவதித் திகதியின் மேல் பெருவிரலால் ஒரு தேய் தேய்த்தார். மை அவருடைய விரலில் வந்துவிட்டது.

"திகதி இல்லாத சாமானை வைச்சிருக்கேக்க பீ.எச்.ஐ. வந்தா, மாட்டுறது நான்தானே, தம்பி."

கூட வந்திருந்த சங்கத் தலைவி ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதுதான், "கடன் தவணை வாற மாசம் தொடங்குது, சேர்" என்றார். அந்த ஒரு வசனத்தால்தான் இவ்வளவையும் எழுத வேண்டியிருக்கிறது. பருவத்தில் வாங்கிய மிளகாய், பெண்களின் உழைப்பு, இயந்திரத்தின் கடன் ஆகிய யாவும் என் இரண்டு இரவு வேலையில் தங்கியிருந்தன. அதை நான் இலவசமாகச் செய்தேன் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

திரை காட்டாதவை

என்ன பிழைத்தது? பின்னர் கேட்டு அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

கணினித் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரமோ சியான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மைகளைக் கடதாசியின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து நிறம் காட்டுகிறது. பல மைகளால் ஆன கடும் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்தை விட்டால், ஒரு மை மயிரளவு விலகினாலும் எழுத்தின் உள்வெளி அடைந்துவிடும். ஆங்கில எழுத்து ஓரளவு தாக்குப்பிடிக்கும். எமது 'ண', 'ஞ', 'ழ' போன்ற எழுத்துகளுக்குள் சுழிகளும் சிறு இடைவெளிகளும் அதிகம். குற்று ஒரு சிறு புள்ளிதான். முதலில் மறைவது அதுவே.

பார்கோடு வாசிக்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் சிவப்பு ஒளியையே வீசுகின்றன. சிவப்புக் கோட்டில் சிவப்பு ஒளி பட்டால் அது வெள்ளைக் கடதாசியில் பட்டதைப் போலவே திரும்பி வரும். ஆகவே இயந்திரத்துக்கு அங்கே கோடே இல்லை. கறுப்பு, கடும் நீலம், கடும் பச்சைக் கோடுகள் பிழையின்றி வாசிக்கப்படும். கோடுகளின் இரு பக்கத்திலும் வெற்றிடம் விடவும் வேண்டும். அளவையும் விரும்பியபடி சுருக்க முடியாது. நியம அளவு ஏறத்தாழ 37 மில்லிமீற்றர் அகலம், அதன் 80 வீதத்துக்குக் கீழே போகலாகாது. நான் அதை ஒரு மூலைக்குள் அடக்குவதற்காக நசுக்கியிருந்தேன்.

முத்திரை மை ஒட்டாததற்குக் காரணம் அந்தப் பளபளப்பு உறை. மை ஊறிப் பிடிக்கக் கடதாசி வேண்டும். பிளாஸ்ரிக்கின் மேல் சாதாரண முத்திரை மை காயாமல் அப்படியே நிற்கும்.

இவற்றில் எந்தப் பிழையையும் என் கணினித் திரை எனக்குக் காட்டவில்லை. கணினியை இயக்கத் தெரிவது ஒன்று, கணினியை விட்டு வெளியேறிய பின் அந்தப் படத்துக்கு என்ன நேரும் என்று தெரிவது வேறொன்று. வடிவமைப்பாளருக்கு நாம் கொடுக்கும் கூலியில் பெரும்பங்கு இரண்டாவதற்கே உரியது.

கொட்டாஞ்சேனையில் ஒரு காலை

அச்சுத் தொழிலுக்கும் கொழும்பின் வட பகுதிக்கும் பழைய உறவு. 1930இல் தொடங்கிய வீரகேசரி பல தசாப்தங்களாகக் கிராண்ட்பாஸ் வீதியிலிருந்தே வெளிவந்தது. அதை அடுத்த கொட்டாஞ்சேனையின் வீதிகளில் கலியாணக் கார்ட், நாட்காட்டி, பற்றுச்சீட்டுப் புத்தகம் அடிக்கும் சிறு அச்சகங்களைக் காணலாம். அத்தகைய ஓர் அச்சகத்தின் மேல்மாடியில் தனியாக வேலை செய்யும் இளைஞர் ஒருவரிடம் நண்பர் ஒருவர் எம்மை அனுப்பினார்.

சங்கத் தலைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். தம்பி கணினியைத் திறந்து ஏதாவது காட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் ஒரு மணித்தியாலம் கேள்விதான் கேட்டார்.

"இத யாரு வாங்குவாங்க, அக்கா? உங்க ஊருத் தூளத் தெரிஞ்சவங்களா, தெரியாதவங்களா?"

"கடையில எந்தத் தட்டுல வப்பாங்க? பக்கத்துல வேற யாரு பாக்கெட் இருக்கும்?"

"திகதி எதால அடிக்கிறீங்க? ஒரு நாளைக்கு எத்தனை பொதி ஒட்டுவீங்க? கையாலயா?"

கடைசிக் கேள்விக்குத் தலைவி விரிவாகப் பதில் சொன்னார். லேபல் ஒட்டும்போது கையில் தூள் இருக்கும், வெள்ளை இடத்தில் விரல் அடையாளம் பதியும், வட்டமான லேபலை நேராக ஒட்டுவது கஷ்டம் என்றெல்லாம் சொன்னார். அத்தனை நாளும் இவற்றை நான் அவரிடம் கேட்டதேயில்லை. நான் வரைந்தது வட்ட லேபல்!

ஒரு வாரத்தின் பின் வந்த மாதிரியைப் பார்த்ததும் எனக்கு உள்ளுக்குள் சற்று ஏமாற்றம். மிக எளிமையாக இருந்தது. வெளிர் மண்ணிறப் பின்னணியில் கருமண்ணிற எழுத்து. ஒரே ஒரு மிளகாய் மட்டும் சிவப்பு. "தட்டுல இருக்கிற எல்லாமே செவப்பு. செவப்புக்குள்ள செவப்ப வச்சா யாரு பாப்பாங்க?" என்றார். நான்கு மைகளுக்குப் பதிலாக இரண்டே மைகளில் அடிக்கும் வேலை என்பதால் பிளேட் செலவும் குறைந்தது. லேபல் நாற்சதுரம், கீழ்மூலையில் உறை ஏற்றாத, மங்கலான கடதாசியில் முத்திரைக்கு இடம். பார்கோடு கருமண்ணிறத்தில். முதற்பக்கத்தில் தமிழ்ப் பெயர் பெரிதாகவும், சிங்களமும் ஆங்கிலமும் அதன் கீழே ஒரே அளவிலும் இருந்தன. மூன்று மொழிகளை ஒரு சிறு கட்டத்துக்குள் அடக்குவது இந்த நாட்டு வடிவமைப்பாளர்களுக்கே உரிய தலையிடி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. இடம் போதாதபோது தமிழை நசுக்குவதே வழமை. அவர் அப்படிச் செய்யவில்லை.

வெள்ளவத்தை முதலாளி முதலில் இருபத்து நான்கு பொதி எடுத்தார். பிறகு மீண்டும் கேட்டு அனுப்பினார். தூளின் சுவைதான் இரண்டாம் முறை விற்றது. முதல் முறை அந்தப் பொதியைக் கையில் எடுக்க வைத்தது லேபல்.

தமிழ் எழுத்து என்ற தனிப் பிரச்சினை

தமிழில் அச்சிடுவோருக்கு இன்னொரு இடர் உண்டு. எம்மில் பலர் நீண்டகாலம் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். யூனிகோட் முறை வேறு. அதில் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இலக்கங்கள் உண்டு. கைத்தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் இம்முறையிலேயே இயங்குகின்றன. ஆனால் பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருள்களுக்கு யூனிகோட் தமிழைச் சேர்த்து எழுதத் தெரியாது. புதிய போட்டோஷொப், இல்லஸ்ட்ரேட்டர் போன்றவற்றிலும் தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பைத் தெரிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'கொழும்பு', 'வெள்ளவத்தை' என்ற சொற்கள் முதலெழுத்திலேயே உடைந்துவிடும். தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு அது பிழையாகத் தெரியாது.

கொழும்பில் திறமையான வடிவமைப்பாளர்களில் பலர் சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களில் நல்லவர்களிடம் வேலை கொடுப்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம். ஆனால் அவர்களுக்குத் தமிழ் எழுத்து ஒரு படம். 'த'வுக்கும் 'ந'வுக்கும் உள்ள வித்தியாசம் அவர்கள் கண்ணில் படாது. பஸ் இருக்கையொன்றில் 'கர்ப்பிணித் தாய்மார்' என்று வரவேண்டிய இடத்தில் 'நாய்மார்' என்று எழுதப்பட்டிருந்த படம் நாடெங்கும் பரவியதை வாசகர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். சிரித்தோம், ஆனால் அந்த இருக்கையில் அமரும் ஒரு தாயின் இடத்திலிருந்து பார்த்தால் சிரிப்பு வராது. 1987இல் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டமும் வந்தது. அதன் பின்னரும் பொதுப் பலகைகளில் இத்தகைய பிழைகள் தொடர்வதற்கு ஒரு காரணம் மிகச் சாதாரணமானது: எழுதியதை வாசித்துப் பார்க்கத் தமிழ் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இல்லை.

ஆகவே வடிவமைப்பும் ஒப்புநோக்கலும் இரு வேறு வேலைகள் என்பதை மறக்க வேண்டாம். வடிவமைப்பாளர் தமிழராக இருந்தாலும் ஒப்புநோக்குவது எமது பொறுப்பு. அச்சுக்குப் போகுமுன் கடதாசியில் ஒரு பிரதி எடுத்து, இரண்டு பேர் வாசித்து, ஒப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் மூலப் பிரதியைப் பார்ப்பது நல்ல முறை. தொலைபேசி இலக்கத்தை வாசித்தால் மட்டும் போதாது, அந்த இலக்கத்துக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள். கொட்டாஞ்சேனைத் தம்பி எமது ஒப்பம் இல்லாமல் பிளேட் போட மறுத்துவிட்டார். அப்போது அது அநாவசியக் கெடுபிடியாகத் தோன்றியது.

மதர் குட் கவுன்சல் கேட்ட உதவி

வடிவமைப்பாளரை நாடுவது பெரிய கம்பனிகளுக்கு மட்டும் உரியது என்று நினைப்பவர்களுக்கு எமது நாட்டிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் மடமும் பாடசாலையும் நடத்திவரும் நல்லாயன் சபைக் கன்னியர்களை அறிவீர்கள். அச்சபையைச் சேர்ந்த மதர் குட் கவுன்சல் அயர்லாந்திலிருந்து வந்தவர். வறிய பெண்கள் தமது கையால் உழைத்துச் சம்பாதிக்க வழி செய்யும் நோக்குடன் கைத்தறி நெசவைத் தெரிந்தெடுத்தார். நெசவைப் பழக்கலாம், தறியும் வாங்கலாம். நெய்யும் துணி எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க அவர் லண்டனில் ஓவியம் கற்றுத் திரும்பியிருந்த பார்பரா சன்சோனியை அழைத்தார். இது 1950களின் பிற்பகுதியில் நடந்தது.

இந்தத் தீர்மானத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. மடத்தில் தையலும் பூவேலையும் தெரிந்த கன்னியர்கள் இல்லாமலா இருந்திருப்பார்கள்? வடிவத்தை அவர்களே தீர்மானித்திருந்தால் துணி விற்றிருக்கும். தருமத்துக்காக வாங்குவோர் வாங்கியிருப்பார்கள். இரக்கத்தால் வாங்குபவர் ஒருமுறை வாங்குவார். சன்சோனி தந்த துணிகளோ துணிச்சலான நிறங்களும் கோடுகளும் கொண்டவை. வாங்குவோர் அவற்றை அழகுக்காகவே வாங்கினர். அந்த முயற்சியே 'பெயார்ஃபூட்' என்ற பெயரில் 1964இல் நிறுவனமாகியது. கொள்ளுப்பிட்டி, காலி வீதியில் அதன் கடை பெயர் பெற்றது. துணிகளை நெய்தவர்கள் கிராமங்களிலிருந்த நெசவு நிலையங்களின் பெண்கள். சன்சோனி 2022இல் தமது 94ஆவது வயதளவில் காலமானார்.

துணி வடிவமைப்பும் லேபல் வடிவமைப்பும் ஒன்றல்ல என்று யாரும் சொல்லலாம். சரிதான். ஆனால் இங்கு வேலைப் பங்கீட்டைக் கவனியுங்கள். நெய்தவர்கள் நெய்தார்கள், நிறம் தெரிந்தவர் நிறத்தைத் தீர்மானித்தார், மதர் இருவரையும் ஓரிடத்தில் சேர்த்தார். சங்க ஊக்குவிப்பாளர்களாகிய எமக்குரிய இடம் அந்த மூன்றாவது இடமே. என்னைப் போல் இரண்டாவது இடத்திலும் ஏறி அமர முயன்றால் பன்னிரண்டு பெண்கள் நட்டப்படுவார்கள்.

குஜராத் விவசாயிகளின் சிறுமி

இன்னொரு உதாரணம் இந்தியாவிலிருந்து. குஜராத்தின் கைரா மாவட்டப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் 1946இல் தொடங்கியது. அதன் உரிமையாளர்கள் ஓரிரு மாடு வைத்திருந்த கிராமத்து விவசாயிகள். 'அமுல்' என்ற பெயரில் அவர்கள் விற்ற வெண்ணெயை நகரத்து வீடுகளுக்குள் கொண்டுசென்றதில் புள்ளிச் சட்டையும் நீலத் தலைமுடியும் கொண்ட ஒரு சிறுமியின் படத்துக்குப் பெரும் பங்குண்டு. 1966இல் பம்பாய் விளம்பர நிறுவனமொன்றில் பணியாற்றிய சில்வெஸ்டர் டா குன்ஹாவும் ஓவியர் யூஸ்டஸ் பெர்னாண்டசும் அவளை உருவாக்கினார்கள்.

சங்கத்தை வழிநடத்திய வர்கீஸ் குரியன் பொறியியல் படித்தவர், எவரிடமும் எளிதில் விட்டுக்கொடுக்காதவர். அவர் இந்த விடயத்தில் செய்தது வியப்பானது. ஒவ்வொரு விளம்பரத்தையும் தம்மிடம் காட்டி அனுமதி பெறத் தேவையில்லை என்று டா குன்ஹாவிடம் கூறிவிட்டார். நாட்டு நடப்பை உடனுக்குடன் கேலி செய்யும் அந்த விளம்பரங்கள் குழுக்கூட்டத்தில் அனுமதிக்குக் காத்திருந்தால் ஆறிப்போயிருக்கும். டா குன்ஹா 2023இல் காலமானார். சிறுமி இன்னமும் சுவர்களில் இருக்கிறாள்.

எமது சங்கங்களில் நடப்பது நேர்மாறானது. மாதிரி வந்ததும் ஒன்பது பேர் கொண்ட குழு கூடும். ஒருவர் நிறத்தை மாற்றச் சொல்வார். இன்னொருவர் தாமரைப்பூ வேண்டுமென்பார். பொருளாளர் தமது பெயரும் வரவேண்டும் என்று நேரே சொல்லாமல் "நிர்வாகிகள் விபரம் விடுபட்டுவிட்டது" என்பார். இறுதியில் எல்லோரும் திருப்தியடைவார்கள், லேபலை யாரும் வாசிக்க முடியாது. பெயர், நிறை, விலை, சேர்மானம், திகதி, விலாசம் ஆகியவற்றின் உண்மைக்கு நாமே பொறுப்பு. அவற்றில் ஒரு சொல்லையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். எழுத்தின் பருமன், இடம், நிறம் ஆகியவற்றை அவரிடம் விடுங்கள். அவர் சொல்வது விளங்காவிட்டால் காரணம் கேளுங்கள். காரணம் சொல்ல முடியாமல் "இதுதான் இப்ப பேஷன்" என்று மட்டும் சொல்பவரானால் வேறு ஆளைத் தேடலாம்.

கூலியும் உடன்படிக்கையும்

கூலி என்றதும் எமக்குக் கை சுருங்குகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். லேபலுக்கு 15,000 ரூபா கேட்கிறார் என வைப்போம். சங்கம் மாதம் 300 பொதி விற்கிறது. ஆண்டுக்கு 3,600, மூன்று ஆண்டுக்கு 10,800. லேபல் மூன்று ஆண்டு நின்றுபிடித்தால் ஒரு பொதிக்கு விழும் வடிவமைப்புச் செலவு ஏறத்தாழ 1 ரூபா 40 சதம். எனது இலவச லேபலில் வீணான ஸ்டிக்கர் செலவை விற்ற பொதிகளால் பிரித்துப் பார்த்தேன். அந்த எண்ணை இங்கு எழுத வெட்கமாக இருக்கிறது.

நைக்கி நிறுவனத்தின் புகழ்பெற்ற சின்னத்தை 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி வெறும் 35 டொலருக்குச் செய்துகொடுத்தார் என்ற கதையைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அவர் வடிவமைப்பையே பாடமாகக் கற்றவர் என்பதையும், 1983இல் அந்நிறுவனம் அவருக்குப் பங்குகள் வழங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பயிலும் மாணவர்களிடம் குறைந்த கூலிக்கு வேலை கொடுப்பது தவறல்ல. கூலியே கொடுக்காமல் "சமூக சேவைதானே, தம்பி" என்று வாங்குவதுதான் தவறு. நாளாந்தக் கூலியைப் பற்றிக் கருத்தரங்கு நடத்தும் நாம் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

செயற்றிட்ட முன்மொழிவுகளில் 'அச்சிடல்' என்று ஒரு செலவு எழுதுவோம். 'வடிவமைப்பு' என்று எழுதுவதில்லை. பிறகு காசில்லை என்கிறோம். அடுத்த முன்மொழிவில் அதைத் தனி வரியாக எழுதுங்கள்.

ஆளைத் தெரிவு செய்யும்போது அவர் முன்னர் செய்தவற்றைக் கேளுங்கள். திரையில் வேண்டாம், அச்சான பொதியாக, புத்தகமாக. வேலை தொடங்குமுன் ஒரு தாளில் சில விடயங்களை எழுதி இருவரும் ஒப்பமிடுவது நல்லது: எத்தனை மாதிரி தருவார், எத்தனை முறை திருத்துவார், முற்பணம் எவ்வளவு, எப்போது முடியும். இன்னும் முக்கியமானது, வேலை முடிந்ததும் திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் எழுத்துருவின் பெயரையும் தருவாரா என்பது. இதைக் கேட்க மறந்த சங்கங்கள் விலையை மாற்றி அடிக்கவும் அதே ஆளைத் தேடி அலைய நேர்கிறது. படைப்பின் உரிமை யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஓவியங்களையும் படங்களையும் பாதுகாக்கிறது. இணையத்தில் கண்ட படத்தை எடுத்து ஒட்டுவதும் இச்சட்டத்தின் கீழ் சிக்கலைத் தரலாம். சங்கத்தின் பெயரையும் சின்னத்தையும் வியாபாரக் குறியாகப் பதிய எண்ணினால் அது பிறருடையதைப் போல இருக்கலாகாது. கைத்தொலைபேசியில் எல்லோருக்கும் கிடைக்கும் ஆயத்தச் சின்னத்தை எடுத்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

எல்லாவற்றுக்கும் டிசைனர் வேண்டுமா? தேவையில்லை. மாதாந்தக் கூட்ட அறிவித்தல், சிரமதான அழைப்பு, கோவில் முன்றலில் ஒட்டும் துண்டு ஆகியவற்றை நாமே செய்யலாம். கையால் எழுதினாலும் போதும். வாசிப்பவர் எம்மை அறிந்தவர், விளங்காவிட்டால் கேட்பார், அடுத்த வாரம் அது கழிந்துவிடும். எம்மை அறியாத ஒருவர், நாம் அருகில் இல்லாத இடத்தில், காசு கொடுக்கவோ மருந்து பாவிக்கவோ தீர்மானிக்கும் தாள் என்றால் தொழில் தெரிந்தவரிடம் கொடுங்கள். கிருமிநாசினி பற்றிய எச்சரிக்கைத் துண்டு இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதை நாம் வழமையாக முதலாம் வகையில் போட்டுவிடுகிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பயிற்சி

உங்கள் சங்கத்தின் பொதி ஒன்றை எடுத்துக்கொண்டு அண்மையிலுள்ள நகரத்துக் கடைக்குச் செல்லுங்கள். முதலாளியிடம் அனுமதி கேட்டு, அதே வகைப் பொருட்கள் இருக்கும் தட்டில் அதை வையுங்கள். ஆறடி பின்னால் நின்று பாருங்கள். கண்ணில் முதலில் படுவது எந்தப் பொதி, உங்கள் பொதியில் எந்தச் சொல் வாசிக்க முடிகிறது என்று எழுதுங்கள். பின் வயதான ஒருவரிடம் கொடுத்து, மூக்குக்கண்ணாடி இல்லாமல் காலாவதித் திகதியைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்; எவ்வளவு நேரம் எடுக்கிறார் எனக் கவனியுங்கள். திகதியின் மேல் ஈரவிரலால் தேய்த்துப் பாருங்கள். பொதி ஒட்டும் பெண்களிடம், இந்த லேபலில் உங்களுக்குத் தொந்தரவு தருவது எது என்று கேளுங்கள். பதிலை அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பாளரிடம் போகும்போது அந்தத் தாளையும், அந்தப் பெண்களில் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள்.